சனிக்கிழமைகளில் உன் உம்மா போகும் இடம்

அன்பு மகன் தமீமுக்கு, ரியாத்திலிருந்து வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அந்த ஜப்பான் பனியில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். உன் அக்கா மூதியின் சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது, கண்டவரை எல்லாம் கடிக்கிறான். மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி கசிகிறது, சரிபார்க்க வந்தவனே இன்னொரு ஓட்டை போட்டுவிட்டுப் போயிருப்பான் என்று எனக்குச் சந்தேகம். போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் உன் உம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், அதனால்தான்.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவள் சனிக்கிழமை தவறாமல் சுபுஹு தொழுத கையோடு காரை எடுத்துக்கொண்டு மூதி வீட்டுக்கு என்று கிளம்பிவிடுவாள், வரப் பொழுது சாய்ந்து மஃரிபு ஆகிவிடும். மகளைப் பார்க்கப் போகிறாள், நல்லதுதானே என்று இருந்தேன். ஒரு நாள் சக்கரத்தைப் பார்த்தால் மஞ்சள் புழுதி, மூதி வீடு வரைக்கும் தார் ரோடு. எல்லைச் சுங்கச் சாவடியில் லாரிகளைக் குடைந்தே தலை நரைத்தவன் நான், என்னிடமா. டிக்கியைத் திறந்தேன், துணிக்கடியில் தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலை மூதிக்குப் போன் போட்டேன். கேட்பதற்கு முன்னாலேயே உம்மா இங்கதான் இருக்காங்க வாப்பா, தூங்குறாங்க என்றாள். உன் உம்மா என்றைக்குக் காலையில் தூங்கினாள்? என்னென்னவோ நினைத்தேன், மகனுக்கு எழுத முடியாதவையும் அதில் உண்டு. அதற்கடுத்த வாரம் டாக்சி பிடித்துப் பின்னாலேயே போனேன். ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திவிட்டு, வெளிநாட்டுக்காரர்கள் ஏறிய ஜீப்பில் அவளும் ஏறிப் போனாள். பங்கில் விசாரித்தால் உலக விளிம்புப் பாறைக்குக் கூட்டிப்போகிற சுற்றுலா என்றார்கள். யாரோடு போகிறாள் என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று, சுலைமான் என்று என் வாப்பாவின் பெயரைக் கொடுத்து நானும் ஓர் இடம் பதிந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தலைத்துணியால் முகத்தைச் சுற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பங்கில் போய் நின்றேன். கழுத்தில் அட்டை தொங்க உன் உம்மா வந்து பெயர் படிக்கிறாள். அவள்தான் வழிகாட்டியாம்! என்னைக் கண்டதும் ஒரு நொடி நின்றாள், பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வாங்க சுலைமான் சாச்சா, கடைசி சீட்டுல உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்குங்க என்றாள். கட்டிய புருஷனைச் சித்தப்பா முறை வைத்துச் சாச்சா என்கிறாள். போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்ய. அப்போதும் நான் நம்பவில்லை, கூட்டத்தில் கேமராவோடு ஓர் இளைஞன் அடிக்கடி அவளிடம் பேசினான், வழியெல்லாம் அவன் மேலேயே கண் வைத்திருந்தேன். கடைசியில் அவன் கேட்டதெல்லாம் கழிப்பறை எங்கே என்பதுதான். முள்மரப் பள்ளத்தாக்கு தாண்டிப் பாறை மேல் ஏறியதும் காற்று ஆளைத் தள்ளியது, கீழே மலை வெட்டுப்பட்டதுபோல் ஒரேயடியாக இறங்குகிறது. ஒரு காலத்தில் இதெல்லாம் கடலடி என்று சொல்லிக் கல்லில் பதிந்த சிப்பியை அவள் காட்டினாள், அத்தனை பேரும் வாய்திறக்காமல் கேட்டார்கள். எனக்கு இருந்த எரிச்சலில் விளிம்புப் பக்கம் நடந்தேன். சாச்சா, நில்லுங்க, பின்னால வாங்க, இங்க நான் சொல்றதுதான் என்று அவள் அதட்டினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. வந்துவிட்டேன்.

பாய் விரித்துக் கஹ்வாக் காப்பியும் பேரீச்சையும் கொடுத்தபோது போலந்துக்காரப் பெண் ஒருத்தி, இவ்வளவு நல்ல ஆங்கிலம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். உன் உம்மா சிரித்துக்கொண்டே, ஜப்பானில் இருக்கும் என் மகன் தினமும் போனில் சொல்லிக்கொடுத்தான் என்றாள். கையிலிருந்த பேரீச்சையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன், தமீம். சமையல் குறிப்பு கேட்கிறான் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதெல்லாம் இதுதானா? வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாதா? உங்கள் கணவர் ஒன்றும் சொல்வதில்லையா என்று அந்தப் போலந்துக்காரி மறுபடி கேட்டாள். அவருக்கு இன்னும் தெரியாது என்று என்னைத் தாண்டி மலையைப் பார்த்தபடி சொன்னாள் உன் உம்மா.

மற்றவர்கள் படமெடுக்கப் போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன் என்று கேட்டேன். கோப்பையில் கஹ்வா ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாச்சாவை விட்டுப் பழையபடி தமீமின் வாப்பா என்றே கூப்பிட்டுச் சொன்னாள். "வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டீங்க, அபூ தமீம். நானும் வர்றேன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் எந்தப் பாதையில போகணும், எந்தக் கல்லைக் காட்டணும்னு நீங்கதான் சொல்லிட்டிருப்பீங்க. எனக்கு ஒரு நாள் வேணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். கஹ்வாவைக் குடித்து முடித்தேன். திரும்பும்போது கடைசி சீட்டிலேயே வந்தேன். மறைத்தது தப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் போன சனிக்கிழமை அவள் பூட்ஸ் மாட்டியபோது எங்கே என்று நான் கேட்கவில்லை, பேப்பரை விரித்துவைத்துக்கொண்டேன். வாசலில் நின்று அவளாகவே, பாறைக்குப் போறேன், இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன் என்றாள். சரி என்றேன். நான் கேட்காமலேயே, உண்மையில் போகும் இடத்தை அவள் எனக்குச் சொல்லிவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் படிப்பையும் தருவானாக. உறைந்த ரோட்டில் வேகமாக நடக்காதே, சாப்பிடுவதில் ஹலால் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் வந்த விஷயத்தை உம்மாவிடம் சொல்லாதே. சொல்வாய் என்று தெரியும். சொன்னால் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

உன் நலம் நாடும் வாப்பா,
நாஸிர்