மெதுவாக வந்த பந்துகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டுதான் இருக்கிறோம். அங்கே நீங்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். என் தங்கைக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் அவளை உப்பைக் குறைக்கச் சொன்னார். அவள் குறைத்தது என் சாப்பாட்டில். ஒரு வாரமாக என்னோடு பேச்சில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் தெருவே எழுந்துவிடும்.

காரணம் உங்களுக்கு இந்நேரம் எட்டியிருக்கும். இல்லாவிட்டால் நானே சொல்கிறேன், அடுத்தவன் வாயால் கேட்க வேண்டாம். உங்கள் கிளப் கோச் என்னோடு ஆடியவன். போன் செய்து, "உங்க மாப்பிள்ளையை இனிமே முதல் கோல் கீப்பரா இறக்கலாமாண்ணே, நீங்க சொன்னா சரி" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கை நல்ல கை, நெஞ்சுதான் கீப்பருக்கு ஆகாது, பெஞ்சிலேயே உட்கார வை என்றேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். அது வராததுதான் உங்கள் வியாதி.

மற்றவர்கள் இடம் மாறி ஆடலாம். கோலில் ஒருத்தன்தான் நிற்க முடியும். அவன் விழுந்தால்தான் அடுத்துக் காத்திருப்பவனுக்கு வாழ்வு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிமெண்ட் தரையில் விழுந்து முழங்கை உரிந்து கற்றுக்கொண்டேன். எனக்கு முன்பு கோலில் நின்றவர் காய்ச்சலில் படுத்தபோது நான் பார்க்கப் போகவில்லை. என் கையுறையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஆறு வருஷம் இங்கே நம் டீமில் நீங்கள் எனக்கு அடுத்த கீப்பராக இருந்தீர்கள். ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் எனக்குப் பந்தடித்துக் கையைச் சூடாக்கிவிடுவது உங்கள் வேலை. என் கடைசி சீசனில் இடது சுண்டுவிரல் முறிந்தது. அப்போதைய கோச்சுக்குச் சொல்லவில்லை, தங்கைக்கும் சொல்லவில்லை. பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, கையுறைக்குள் மறைத்து ஆடினேன். தெரிந்திருந்தால் அன்றே உங்களை இறக்கியிருப்பார்கள்.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த சீசன் முழுக்க நீங்கள் ஓங்கி அடித்ததெல்லாம் என் வலது கைக்கே வந்தது. இடது பக்கம் வந்தவை பஞ்சு மாதிரி வந்தன. கோச் கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரே ஒரு பந்தை ஓங்கி அடித்திருந்தால் நான் கத்தியிருப்பேன், கோலில் என் இடம் உங்களுடையதாகியிருக்கும். நான் கேட்டேனா அந்தப் பிச்சையை? நான் விலகியதும் வேறு ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ஆடாத கீப்பரை எவன் நம்புவான்? நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போனீர்கள். கடைசி மேட்சில் எனக்குக் கைதட்டினார்கள். அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

விரல் கோணலாகவே ஒட்டிக்கொண்டது. சட்டைப் பித்தான் போட அரை மணி நேரம் ஆகிறது. இதை அவளுக்கு எழுத வேண்டாம்.

பிள்ளையைப் பார்க்க வருவீர்கள். அப்போது பழைய மைதானத்துக்கு வாருங்கள். கையுறை இல்லாமல் நிற்கிறேன். இந்த விரலைப் பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் வைத்து ஒரு பந்து அடியுங்கள். நான் கத்தினால், அங்கிருந்தே உங்கள் கோச்சுக்கு நானே போன் செய்கிறேன்.

உங்கள் வலது கால் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்