நிமிர்ந்து நின்ற போல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று தொழிற்சாலையில் சின்ன வாக்குவாதம், பயப்படாதீர்கள். நான் பழுதுபார்த்த ராட்சத விசிறி ஓடும்போது அதிர்ந்தது. “ஆட்டம் இருக்கத்தான் செய்யும், சரியாயிடுச்சுன்னு சீட்டுல கையெழுத்துப் போடும்மா,” என்றார் மேற்பார்வையாளர். ஓடும் விசிறியின் கூட்டின்மேல் ஒரு போல்ட்டை நிமிர்த்தி வைத்தேன். உடனே விழுந்தது.

“பக்கத்துல பன்னிரண்டு பேர் வேலை செய்றாங்க சார், இறக்கை தெறிச்சா என்ன ஆகும்? இந்த போல்ட் விழாம நிக்கிற வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி.”

விசிறியை நிறுத்தி, கனம் கூடிய இறக்கையை அரத்தால் ராவிக் குறைத்தேன். மறுபடி ஓட்டியபோது போல்ட் அசையாமல் நின்றது. அவரே பேனாவை நீட்டினார்.

வீட்டிலிருக்கும் என் போர்வையை அனுப்புங்கள். அம்மாவிடம் துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், வீட்டு வாசனை அப்படியே இருக்கட்டும். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்