மரக்காய்போ ப்ராஜெக்ட்

சுகர் லேண்ட்
24.4.1998

என்னங்க,

லெட்டர் வந்துச்சு. இன்னும் ஒரு வருஷம் மரக்காய்போவுலயே வேலை பாக்க கையெழுத்துப் போட்டுட்டேன்னு கடைசி வரியில எழுதியிருந்தீங்க. சரி.

நம்ம ப்ரியா கிளாஸ்ல தென் அமெரிக்கா ப்ராஜெக்ட், ஆளுக்கு ஒரு ஊர். இவ உங்க ஊரைத்தான் கேட்டு வாங்கினா. எதுக்கு லைப்ரரிக்கு டிரைவ் பண்ணணும்னு உங்க லெட்டர் கட்டையே எடுத்துக் குடுத்தேன். எல்லாம் அதுலயே இருந்துச்சு. ஜியாக்ரஃபிக்கு அந்தப் பெரிய ஏரி, அது மேல போற நீளமான பாலம். எகானமிக்கு ஏரித் தண்ணிக்குள்ள நிக்கிற எண்ணெய்க் கிணறுங்க. சுத்திப் பாக்குற இடங்களுக்கு, ராத்திரி பூரா மின்னல் வெட்டுற வானம், தண்ணிக்குள்ள கால் ஊன்றி நிக்கிற வீடுங்க.

சம்மர் லீவுக்கு வரட்டுமான்னு அவ கேட்டப்ப, குவார்ட்டர்ஸ்ல ஃபேமிலி அலவ்டு இல்லைன்னு நீங்க எழுதின லெட்டரும் அந்தக் கட்டுல இருந்துச்சு. அதைத் தனியா எடுத்து வைக்க மறந்துட்டேன்.

நேத்து ஸ்கூல்ல ஓப்பன் ஹவுஸ், பேரண்ட்ஸ் எல்லாரும் பாக்க வந்திருந்தாங்க. ப்ரியா பண்ணின சார்ட்டைச் சுவத்துல மாட்டியிருந்தாங்க. மின்னலுக்குக் கீழ உங்க போட்டோவை ஒட்டி, இங்கிலீஷ்ல எழுதியிருக்கா: "என் அப்பா. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை."

டீச்சர் 'ஏ' போட்டிருக்காங்க. என்னாலதான் அங்க நிக்க முடியலை, கார்ல வந்து உக்காந்துட்டேன்.

வெயில்ல கிணத்துப் பக்கம் போறப்ப தொப்பி போட்டுக்குங்க. மே கடைசியில சார்ட்டை வீட்டுக்குக் குடுத்துடுவாங்க. அந்த வரியை என்னால மாத்த முடியாது. நீங்க வந்துதான் மாத்தணும்.

இங்க இருக்கிற
நான்