உம்மா கேட்காத உம்ரா

பதுளை,
6.9.1981

எங்கள் கண்மணி ஹம்ஸியாவுக்கும் மருமகன் ஜௌபருக்கும் உம்மா ஸலாம் சொல்லி எழுதுவித்தது.

உன் கடிதம் கிடைத்தது மகள். வாந்தி நின்று, சோறு தின்னத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து இரண்டு ரக்அத் தொழுதேன். முந்தின கடிதத்தில், டிசம்பர் லீவுக்கு வாப்பா, நான், உன் தங்கச்சி நபீலா மூவரும் லண்டன் வரவேண்டும், டிக்கட்டை மருமகனே எடுப்பார் என்று எழுதியிருந்தாய். வாப்பா அதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கால் இறாத்தல் ஆணி வாங்க வருகிறவனும் லண்டன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிகிறது. போன கிழமை பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்புக்குப் போய் வந்தோம். படத்தில் வாப்பா கோபக்காரர் மாதிரி இருக்கிறார்.

இந்தக் கடிதத்தில், வருவதற்கு இரண்டு வழி இருப்பதாகச் சொன்னாய். ஒன்று, கட்டுநாயக்கவில் இரவு ஏறினால் காலையில் லண்டனில் இறங்கும் பிளேன். மற்றது, பகலில் புறப்பட்டு அரபு நாட்டில் இறங்கி வேறு பிளேனுக்கு மாறுவது. பாஷை தெரியாத ஊரில் தடுமாறாமல் நேரே வருவதுதான் சுகம் என்றாய். ஆனால் மகள், எனக்கு இடையில் இறங்கி வரத்தான் ஆசை. ஜித்தாவில் உன் ஸஹாப்தீன் மாமா இருக்கிறார். அவரோடு மக்காவுக்குப் போய் ஓர் உம்ரா செய்துவிட்டு உன்னிடம் வந்தால் என் மனம் நிறையும். நேரே வருகிற பிளேன் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாரம் தூக்காதே.

உன் உம்மா,
ஸைனப்
(எழுதியது நபீலா)


லண்டன்,
25.9.1981

அன்புள்ள உம்மாவுக்கும் வாப்பாவுக்கும், உங்கள் ஹம்ஸியாவின் ஸலாம். அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

உம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இந்த ஆசையை நீங்கள் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. இவர்தான், பெரியவர்கள் உம்ராவுக்குப் போகக் கேட்டால் இரண்டாம் யோசனை கூடாது என்று மறுநாளே போய், நீங்கள் கேட்டபடி ஜித்தா வழியாக வருகிற டிக்கட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மாமாவுக்கும் எழுதினோம். மாமா டிரைவராக வேலை செய்கிற வீட்டின் சொந்தக்காரர் உங்களைத் தங்கவைப்பாராம். வாப்பா மாமாவோடு இருப்பார். நீங்களும் நபீலாவும் அந்த வீட்டுப் பெண்களோடு பெரிய அறையில் படுக்கலாம். அங்கே கட்டில் இல்லையாம், சுவருக்குச் சுவர் விலை உயர்ந்த கம்பளம்தானாம். நபீலாவுக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு விஷயம். நேரே வந்திருந்தால் டிசம்பர் ஐந்தாம் திகதி இங்கே இருந்திருப்பீர்கள். இப்படி வந்தால் பதினான்கு ஆகிவிடும். டாக்டர் எனக்குப் பிரசவம் பத்தாம் திகதி அளவில் என்கிறார். பரவாயில்லை உம்மா. இங்கே நர்ஸ்மார் நல்லவர்கள். பிள்ளையை நீங்கள் வந்து பார்க்கலாம். மக்காவில் எனக்காக துஆக் கேளுங்கள், அது போதும்.

உங்கள் மகள்,
ஹம்ஸியா


பதுளை,
11.10.1981

அன்புள்ள ராத்தாவுக்கு,

இது நான் மட்டும் எழுதுகிற கடிதம். எல்லோரும் படுத்துவிட்டார்கள். குசினியில் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாப்பா இருமினால் விளக்கை ஊதி அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் இருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

உம்ரா செய்ய ஆசை என்று உம்மா சொல்லவில்லை ராத்தா. நான்தான் எழுதினேன். உம்மா சொன்னது இதுதான்: "ராத்தா சொல்றதுதான் சரி. நேரே வாறதயே எடுக்கச் சொல்லு. அவட நாளுக்கு முந்தி நான் போய்ச் சேரணும்." நான் தலையை ஆட்டிக்கொண்டு வேறு எழுதினேன். உம்மா குர்ஆன் ஓதுவாரே தவிர தமிழ் எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். வாப்பாவும், கடையில் வாசிக்கிறது போதும் என்று கடிதங்களை என்னிடம்தான் விடுகிறார். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு இன்னும் இரவில் படுக்கையில் போகிறது. நீங்கள் கல்யாணம் முடித்துப் போகும்போது எனக்கு ஒன்பது வயது. பெரிய பிள்ளையானால் நின்றுவிடும் என்று உம்மா சொன்னார். ஆகியும் நிற்கவில்லை. ஓதிய தண்ணீர் குடித்தேன், இடுப்பில் நூல் கட்டினேன். பின்னேரம் தேத்தண்ணீர் குடிப்பதே இல்லை. காலையில் பாயைப் பின்பக்கம் கொய்யாமரத்துக்குப் பின்னால் காயப்போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் நான் தள்ளி உட்காருகிறேன்.

பாஸ்போர்ட்டுக்குக் கொழும்புக்குப் போனது இரவு மெயில் ரயிலில். நான் தூங்கக்கூடாது என்றுதான் இருந்தேன். நானுஓயா தாண்டியதும் தூங்கிவிட்டேன். விழிக்கும்போது ஸீட் நனைந்து, பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மாவின் புடவையும் நனைந்திருந்தது. அவர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வாப்பா கொழும்புக் கோட்டையில் இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு வழியையும் சொன்ன உங்கள் கடிதம் வந்தது. இரவு முழுக்கப் பிளேனில், அத்தனை பேருக்கு நடுவில் என்று வாசித்ததும் அந்த மெயில்தான் நினைவுக்கு வந்தது. பகலில் போகிற பிளேன் என்றால் தூங்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். வேறு எதைச் சொன்னாலும் மச்சான் ஏன் என்று கேட்பார். உம்ரா என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். பெரிய பாவம் இல்லையா?

உங்கள் பதிலையும் மாற்றித்தான் வாசித்தேன். மச்சான் தானாகவே உம்ராவுக்கு ஏற்பாடு செய்ததாக வாசித்தேன். பத்தாம் திகதியைச் சொல்லவில்லை. டாக்டர் மாதக் கடைசி என்கிறார் என்று வாசித்தேன். உம்மா அழுதுவிட்டார். "நான் கேக்காமலே என்ட மருமகன் என்ட கல்புல உள்ள ஆசையை அறிஞ்சிட்டார்" என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொல்கிறார்.

இப்போது உம்மா வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்கிறார். மக்காவுக்குப் போகிறவர்கள் செய்கிற மாதிரி, ஏதும் தவறு செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். நேற்று வாப்பாவின் தங்கை ஸுபைதா மாமி வீட்டுக்கும் போனார். உங்களை மாமியின் மகன் ஸரூக்குக்குக் கொடுக்கவில்லை என்று நாலு வருடமாக முகம் பார்க்காதவர்கள், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மாமி வட்டலப்பம் கொடுத்தனுப்பினார். என்னால் அதை விழுங்க முடியவில்லை.

நான் ஓர் இரவுக்குப் பயந்தேன். இப்போது பல இரவுகள், தெரியாத பெண்களுக்கு நடுவில், அந்தக் கம்பளத்தில். அதற்குப் பிறகு நான் எந்த உடம்போடு கஃபாவின் முன்னால் போய் நிற்பது?

ராத்தா, நீங்கள் எப்படியாவது மாற்றுங்கள். அந்த டிக்கட் கிடைக்கவில்லை என்று உம்மாவுக்கு எழுதுங்கள். என் பெயர் வரவேண்டாம். எனக்குத் தனியாக எழுதுவதானால் என் சிநேகிதி தனலெட்சுமியின் முகவரிக்கு எழுதுங்கள், கீழே தருகிறேன். இங்கே வந்தால் உம்மா வாசிக்கச் சொல்வார். நான் திரும்பவும் பொய் வாசிக்க வேண்டி வரும்.

உங்கள் தங்கச்சி,
நபீலா


லண்டன்,
23.10.1981

தங்கச்சி நபீலாவுக்கு,

உன் கடிதத்தை முதலில் வாசித்தபோது கோபம்தான் வந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வராது. உம்மா வந்து பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் நான் இந்தப் பயணத்தையே கேட்டேன். லண்டன் சுற்றிக்காட்ட அல்ல. எனக்கு இங்கே பெண்துணை யாரும் இல்லை. பிரசவம் என்றால் என்னவென்று கேட்கக்கூட ஆள் இல்லை.

நீ உன் வெட்கத்தைச் சொல்லிவிட்டாய். நானும் ஒன்றைச் சொல்கிறேன். உம்மா என்னைவிட மக்காவைத் தெரிந்தெடுத்துவிட்டார் என்று இரண்டு கிழமை அழுதேன். கஃபாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் நபீலா. தொழுகைக்கு நிற்கும்போது, இந்தத் திசைக்குத்தானே உம்மா போகிறார் என்று நினைப்பு வரும். உன் மச்சானிடம்கூட இதைச் சொல்லவில்லை.

உன் இரவுகளைப் பற்றி எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒவ்வொரு கடிதத்திலும் உம்மாவுக்காக எழுதுகிறாயே, உனக்கென்று ஒரு வரி எழுது என்று நான் கேட்டதில்லை. அது என் பிழை.

ஆனால் நீ கேட்பதைச் செய்யமாட்டேன். பொய்க்கு மேல் பொய் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையை எழுதவும் வழியில்லை. எழுதினால் உம்மாவுக்கு வாசிக்கப் போவது நீதான். ஆகவே நீயே சொல்லவேண்டும். இவரிடம் பதுளையில் வேறு யோசனை இருக்கிறது என்று மட்டும் சொல்லி, நவம்பர் பாதி வரை டிக்கட்டை மாற்ற வழி வைத்திருக்கிறேன். நேரே வருவதானால் ஒரு தந்தி கொடு. தந்தி வராவிட்டால், உம்மா உம்ராவுக்குப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். உன்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கமாட்டேன்.

ராத்தா


பதுளை,
15.11.1981

அன்புள்ள ராத்தாவுக்கு, ஸலாம்.

தந்தி கிடைத்திருக்கும். டிசம்பர் நாலாம் திகதி இரவு ஏறி ஐந்தாம் திகதி காலை வந்து சேர்வோம். மச்சானை விமான நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் வராதீர்கள், அலையக்கூடாது என்று உம்மா சொல்கிறார்.

உங்கள் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தேன். சொல்ல வாய் வரவில்லை. இரவில் வாசலில் போய் நின்று சொல்லிப் பழகினேன், காலையில் மறந்துவிட்டது போல நடித்தேன். கடைசியில் நானாகச் சொன்னேன் என்றுகூட எழுத முடியாது. உம்மாதான் சொல்லவைத்தார்.

ஊரில் எல்லா வீடும் முடிந்து, வீட்டில் உள்ளவர்களிடம் பொருந்திக்கொள்ளக் கேட்கிற நாள் வந்தது. வாப்பாவிடம் கேட்டார். வாப்பா தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டு, சரி சரி என்றார். பிறகு உம்மா எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தார். பின்னிக்கொண்டே சொன்னார்:

"மகள், அண்டைக்கு சாச்சியிட பிள்ளைகளுக்கு முன்னால, நனைஞ்ச பாயை ஒன்ட தலையில வச்சு முற்றத்தைச் சுத்த வச்சேன். வெக்கம் வந்தா நிண்டு போகும்னு நெனச்சேன். அது பிழை. பொருந்திக்கொண்டேன்னு ஒரு சொல் சொல்லுங்க."

என் உம்மா என்னிடம், சொல்லுங்க என்று பெரியவர்களிடம் கேட்பது போலக் கேட்டார் ராத்தா. அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. திரும்பாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதத்தில் எழுதியது, வாசிக்கும்போது மாற்றியது, எல்லாம். உம்மாவின் கை என் தலைமயிரில் அப்படியே நின்றுவிட்டது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப ஹம்ஸியாக்கு பத்தாம் திகதியா?" என்றுதான் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அந்தப் புள்ள தனியாப் பெத்திருப்பாளே."

பின்னலை முடித்து, ரிபன் கட்டிவிட்டுத்தான் எழுந்தார். அடித்திருக்கலாம். அந்த இரண்டு வரியைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பாயைத் தவிர வேறு எதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் தனியாக இருப்பீர்கள் என்பது அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது, நானே வாசித்தேன், எனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

வாப்பா விஷயம் கேட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உம்ராவில் உடுக்கிற இஹ்ராமுக்கு வாங்கிய வெள்ளைத் துணியைக் கடைப் பையனிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய், தந்தியில் என்ன எழுதவேண்டும் என்று என்னிடமே கேட்டார்.

அதற்குப் பிறகு உம்மா திரும்பவும் வீடு வீடாகப் போனார், இப்போது உம்ராவுக்குப் போகவில்லை என்று சொல்ல. என்னையும் வா என்றார். எல்லா வீட்டிலும், ஹம்ஸியாவுக்கு நாள் கிட்டிவிட்டது, நேரே போகிறோம் என்றார். அவர்களும் சரி என்றார்கள். ஸுபைதா மாமி மட்டும் விடவில்லை.

"மக்காவுக்குப் போறேன்னு சொல்லித்தானே மதினி பொருந்திக்கச் சொன்னீங்க. இப்ப லண்டன் பாக்கப் போறீங்க. அப்ப பொருந்தினதை நான் திருப்பி எடுக்கட்டா?"

மாமி பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். பாதி அப்படி இல்லை. உம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் மனசை மாத்திக்கொண்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஊரெல்லாம் கையேந்தி மன்னிப்புக் கேட்ட என் உம்மா, செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றார்.

நான் சொல்லிவிட்டேன் ராத்தா. "உம்மா ஒண்டும் மாத்தல்ல மாமி. நான்தான் பொய் எழுதினேன். எனக்கு இரவில படுக்கையில போகுது. ராப் பிளேனுக்குப் பயந்து எழுதினேன்."

மாமி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மாமி குரலைத் தாழ்த்தி, "எங்கட ஸரூக்குக்கு மீசை முளைச்ச பொறகும் இருந்திச்சு. ஹம்ஸியாவைக் கேட்டு வந்த வருசம்தான் நிண்டது" என்றார். உம்மா மாமியைப் பார்த்தார். மாமி உம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் மாமி அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இன்று காலையிலும் என் பாய் நனைந்துதான் இருந்தது. பிளேனில் என்ன ஆகும் என்று தெரியாது. தூங்கமாட்டேன் என்று சொல்கிறேன், மெயிலிலும் அப்படித்தான் சொன்னேன். உங்கள் வீட்டில் எனக்குக் கட்டில் வேண்டாம், ஒரு மூலையில் பாய் போதும். மச்சானிடம் நீங்களே எப்படியாவது சொல்லிவிடுங்கள். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும், ஆனாலும் பார்க்கிறேன். உங்கள் நாளுக்கு முன்னால் உம்மா உங்களிடம் இருப்பார். அது நிச்சயம்.

என்னையும் பொருந்திக்கொள்ளுங்கள் என்று உம்மாவிடம் கேட்டேன். "முதல்ல ராத்தாக்கிட்டப் போய்க் கேளு, பொறகு என்னட்ட வா" என்றார். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பதில் எழுத வேண்டாம். வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பகலில், முன்வாசலில் இருந்து எழுதினேன். இதுவரை எழுதி முடித்ததும் உம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஸரூக்கின் கதையை மட்டும் வெட்டிவிடு, ஜௌபர் பார்ப்பார் என்றார். இனி எதையும் வெட்டி வாசிக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன் என்று சொன்னேன். உம்மா எழுந்து போய், உறையை ஒட்டப் பசை எடுத்து வந்தார்.

உங்கள் தங்கச்சி,
நபீலா