பெயர், ஊர், வந்த காரணம்

"ஒண்ணும் வாங்காம இந்த டவுனுல ஒரு பொம்பள எங்க உக்காருவா, சொல்லுங்க டீச்சர்?" என்று ஒருநாள் நீங்கள் கேட்டீர்கள், அக்கா. அருப்புக்கோட்டை பஜார் முழுவதையும் மனதுக்குள் நடந்து பார்த்தேன். டீக்கடை பெஞ்சு ஆண்களுக்கு. கோயில் மதியம் சாத்தியிருக்கும். மண்டபங்கள் சமூகத்துக்கு ஒன்று உண்டு, ஆனால் அந்தந்தச் சமூகத்தாருக்கு மட்டும். கடைப் படியில் உட்கார்ந்தால், கடைக்காரர் தண்ணீர் தெளிக்க வந்துவிடுவார்.

இன்று காலை உங்கள் பாத்திரக் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. பாத்திரமெல்லாம் விற்றுத் தீர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் உள்ளே புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் வாசம் போகவில்லை, அக்கா. அந்த வாசத்தில் தனியாக உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மனசு சரியில்லை.

திருச்சுழி பக்கத்துப் பள்ளியில் வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் போகும் அடுத்த பஸ்ஸுக்காக உங்கள் கடையில் நான் காத்திருந்த காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். நான் மட்டுமா இருந்தேன்? ஸ்கேன் ரிசல்ட்டுக்கு ஆறு மணி வரை காத்திருக்க வேண்டிய பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள். உரம் வாங்கப் போன புருஷனை எதிர்பார்த்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்காரி இருப்பாள். எல்லோருக்கும் கவிழ்த்துப் போட்ட அண்டாதான் ஆசனம். பின்கட்டில் கழிப்பறை. ஒருமுறை சீர் வாங்க வந்தவர்கள், ஒரு பெண் உட்கார்ந்திருந்த அண்டாவையே விலை பேசிவிட்டார்கள். "எந்திரி தாயி, உன் நாற்காலிய வித்துப்புட்டேன்" என்றீர்கள். "போற வீட்டுல எனக்கும் எடம் இருக்குமான்னு கேளுங்க" என்றாள் அவள். வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்த்தபோது, "கடைய வாடகைக்கு விட்டுறாதீக. நாலு பேரு உக்காரட்டும்" என்று என்னிடமும் உங்கள் மகனிடமும் சொன்னீர்கள். மகன் தலையாட்டினான். நல்ல பிள்ளைதான். ஆனால் மதுரையில் குடும்பம், தொழிலில் ஆயிரம் நெருக்கடி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"டீச்சரம்மா, தை வரைக்கும் பாப்போம். செல்போன் கடைக்காரக கேட்டுக்கிட்டே இருக்காக. ஆளு வந்தா சரி. வெறும் எடத்தப் பூட்டி வச்சு என்ன செய்ய?"

அவன் கேட்டதில் தப்பில்லை. வெள்ளையடித்தேன். பெஞ்சு போட்டேன். மின்விசிறி, தண்ணீர்ப் பானை, குவளை எல்லாம் வைத்தேன். "யாரும் வந்து உட்காரலாம்" என்று பலகை எழுதி மாட்டினேன். ஆள் வந்ததற்கு மதுரையில் இருப்பவனுக்கு என்ன சாட்சி காட்டுவது என்று யோசித்தேன். முப்பது வருஷம் வருகைப் பதிவேட்டில்தான் என் காலைப் பொழுது தொடங்கியது. ஒரு நீள நோட்டை வாங்கி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, பெயர், ஊர், வந்த காரணம் என்று தலைப்பு எழுதி வாசலில் மேசை மேல் வைத்தேன். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

முதல் வாரம் பலகையைப் பார்த்துச் சிலர் வந்தார்கள். அடுத்த வாரம் குறைந்தார்கள். ஐப்பசி பிறந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு பேர், சில நாள் ஒருவரும் இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை அக்கா. தரை வழவழப்பாக இருப்பதால் மிதிக்கத் தயங்குகிறார்களோ என்று நினைத்தேன். பலகை எழுத்து சிறிதோ என்று பெரிதாக்கினேன். ஒருவேளை அவர்கள் தேடி வந்தது இடத்தையே அல்ல, உங்களைத்தானோ என்றும் தோன்றியது. அப்படியானால் நான் செய்ய எதுவுமே இல்லை. அந்த நினைப்புதான் அதிகம் பயமுறுத்தியது.

கார்த்திகையில் ஒரு மதியம் இரண்டு பெண்கள் படியேறினார்கள். ஒருத்திக்கு ஐம்பது வயதிருக்கும். மற்றவள் அவள் மருமகள். கையில் மருந்துப் பை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாங்கம்மா, இதுல எழுதிட்டு உக்காருங்க. எந்த ஊரு?" என்றேன்.

"பாலவனத்தம் பக்கம்" என்றாள் மூத்தவள்.

"பாலவனத்தத்துலயேவா, பக்கத்துலயா? அங்க எனக்குத் தெரிஞ்சவுக இருக்காக. எந்தத் தெரு?"

மருமகள் எடுத்த பேனாவை அப்படியே வைத்துவிட்டாள். "பஸ்ஸு வந்துரும். வாரோம்மா" என்று இருவரும் இறங்கிப் போனார்கள்.

பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் மருந்துக் கடைப் படியில், சுள்ளென்ற வெயிலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தெருவைக் கடந்து போய், "உள்ள ஃபேன் ஓடுது. ஏம்மா இங்க உக்காந்திருக்கீக?" என்று கேட்டேன்.

மூத்தவள் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எடம் நல்லாத்தான் இருக்கு. எழுதச் சொல்லுறீக, தெருவக் கேக்கீக. சொன்னா நாங்க யாருன்னு தெரிஞ்சிரும்ல? பெறகு அந்தப் பானையில மோந்து குடிக்க எங்களுக்குக் கை வருமா?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் நின்ற இடத்தில் கால் சுட்டது.

நான் சாதி கேட்கவில்லை என்று எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், நம் பக்கத்தில் ஊரும் தெருவும் சொன்னால் மிச்சத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கோடு போட்டு வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் ஊர் எது என்று நீங்கள் கேட்டதே இல்லை. ஒருதரம் நானாகச் சொல்ல வந்தபோதும், "ஊரு கேட்டு என்ன, பொண்ணா குடுக்கப் போறேன்? எத்தன மணிக்கு பஸ்ஸு, அதச் சொல்லுங்க" என்றீர்கள். அதை அன்று வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றே நோட்டை எடுத்துவிட்டேன். மறுநாளே கூட்டம் வந்துவிடவில்லை. வீட்டுக்கு வீடு, வாய்க்கு வாய் பேச்சு போய்ச் சேர நாளாகும். மெதுவாக வந்தார்கள். ஆனால் இப்போது என் கையில் சாட்சி இல்லை. மகனுக்குப் போன் செய்து, "ஒருநாள் நீயே வந்து உக்காந்து பாருப்பா" என்று மட்டும் சொன்னேன்.

சென்ற வாரம், பொங்கல் சாமான் வாங்கச் சுற்று ஊர் ஜனம் வரும் ஒரு நாளில் வந்தான். பஜாரில் நல்ல நெரிசல். உள்ளே இரண்டு பெஞ்சுகள் நிறைந்திருந்தன. இவன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். காரியாபட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா, இவன் யாரென்று தெரியாமல், "தம்பி, செத்தத் தள்ளி உக்காருப்பா, பிள்ளையக் கெடத்தணும்" என்றாள். தள்ளி உட்கார்ந்தான். பிறகு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டான். ஒரு மணி நேரம் நின்றிருப்பான். போகும்போது, "தை பொறக்கட்டும் டீச்சரம்மா, சொல்றேன்" என்றான். அவன் குரலிலிருந்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தை பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பயம் போகவில்லை. இடம் நிற்குமா என்பது ஒரு பயம். நிற்காவிட்டால், நான் கோடு போட்டு வீணாக்கிய அந்த மாதங்கள்தானே காரணம் என்பது இன்னொன்று. இப்போதும் யாராவது படியேறினால் முதலில் என் நாக்கு நுனிக்கு வருவது ஊர்தான். கடித்துக்கொண்டு, "தண்ணி குடிக்கிறீகளா?" என்கிறேன். இந்த வயதில் நான் புதிதாகப் படிக்கும் பாடம் இது. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதும் இதுதான், அக்கா.

இந்த மடலை வேறு சிலரும் படிக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், எந்த ஊர் என்று கேட்காமல், இறங்கும்வரை அவரோடு பேசிப் பாருங்கள்.