புதன்கிழமைப் போர்வை வரிசை

ஜனவரி 9, புதன்

இன்று லாஸ் வேகஸில் என்னைவிடச் சுகமாக இருந்தவன் எவனும் இல்லை. காலையில் பையில் நான்கு டாலர் இருந்தது. திரும்பி வரும்போது மூன்று. அந்த ஒன்றும் தட்டு எடுத்த பெண்ணுக்கு நானாக வைத்தது.

முதியோர் பாஸில் பஸ் ஏறி சில்வர் மியூல் சூதாட்ட விடுதிக்குப் போனேன். புதன்கிழமைகளில் வயதானவர்களுக்கு அங்கே காபியும் டோனட்டும் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். உறுப்பினர் அட்டையோடு கொடுக்கும் தாளின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இன்னொன்று இருக்கிறது: பிறந்த மாதத்தில் ஒரு வேளை பஃபே இலவசம். நான் ஜனவரியில் பிறந்தவன். எழுத்துத் தெரியாமல் எத்தனை ஜனவரியை வீணாக்கியிருக்கிறேன்!

பொரித்த கெளுத்தி மீன் மூன்று தட்டு. கீரை. பீச் பழ கேக் இரண்டு துண்டு. மெஷின்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் சோறு போடுவதே நாம் மெஷினில் காசு போட வேண்டும் என்றுதான். நான் அதற்கு வரவில்லை. அந்த விடுதியை வாயாலேயே காலி செய்ய வந்திருக்கிறேன்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நூலக வகுப்பு டீச்சர் தினம் எழுதச் சொன்னார். அக்கா வெர்லீன் சமையலறையிலிருந்து கத்துகிறாள்: "எழுவத்தஞ்சு வயசுல எழுத்து வந்துடுச்சாம், இனி காது கேக்காதாம். பீன்ஸ் ஆறுதுடா!"

ஜனவரி 10

ஏன் சில்வர் மியூல்? அதை எழுதிவிட வேண்டும்.

அங்கே நான் தரை கூட்டினேன். பதினேழு வருஷம். ஒருநாள் ஒரு மெஷினுக்கு அடியில் கைக்கடிகாரம் கிடந்தது. நேராக மேற்பார்வையாளர் ஸ்டிட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்ல ஆளுய்யா நீ. குடுத்ததுக்கு அத்தாட்சியா இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றான். என் பெயரை வரைய மட்டும் எனக்குத் தெரியும். வரைந்தேன். மறுநாள் வாசலிலேயே நிறுத்தி, அந்தத் தாளின் நகலைக் கையில் கொடுத்து வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

பத்தொன்பது வருஷம் அதைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் படித்துவிடுவாளே என்றுதான் காட்டவில்லை. சண்டை போட்டு வேலையை விட்டேன் என்று சொல்லிவைத்தேன். கூடவே கூட்டிய க்ளோவிஸ், சகோதரன் மாதிரி இருந்தவன், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று தெரியாமலே இருந்தேன்.

போன அக்டோபரில் நானே படித்தேன். மூன்று நாள் ஆனது.

"எசல் டார்வர் ஆகிய நான், விருந்தாளியின் கைக்கடிகாரத்தை எடுத்து ஒளித்துவைத்ததை ஒப்புக்கொள்கிறேன். நானாகவே வேலையை விடுகிறேன். இனி இந்த வளாகத்தில் கால் வைக்க மாட்டேன்."

கீழே நான் வரைந்த பெயர். அழகாகத்தான் வரைந்திருக்கிறேன்.

கால் வைக்க மாட்டேனாமே! முதலாளி இரண்டு தடவை மாறிவிட்டார். பழைய ஆள் ஒருவன்கூட அங்கே வேலையில் இல்லை. நான் வாரா வாரம் இரண்டு காலையும் வைக்கிறேன்.

ஜனவரி 14

மாலையில் ஃப்ரீமான்ட் தெரு. தலைக்குமேல் கூரை முழுக்க விளக்குப் படம். ஒரு பாட்டுக்குழு, ஒரு தெரு வித்தைக்காரன், எல்லாம் சும்மா. அக்கா கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றபடி பார்த்தேன். பக்கத்தில் ஒரு வெளியூர்க்காரன் ஒரே நாளில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான். பாதி ரொட்டி கொடுத்தேன். "எப்படி இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்றான். "பொடி எழுத்தைப் படிப்பா" என்றேன்.

ஜனவரி 16, புதன்

க்ளோவிஸ் காபி வரிசையில் இருந்தான், பழைய கூட்டாளிகள் நாலைந்து பேரோடு. என்னைக் கண்டதும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். என்னைத் திருடன் என்று நினைக்கிறான். இப்போது காரணம் தெரிந்து பார்க்கும்போதுதான் சுடுகிறது. டோனட் இறங்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அக்கா தின்றாள்.

ஜனவரி 23, புதன்

ஸ்டிட்!

உயிரோடு இருக்கிறான். இங்கேதான் இருக்கிறான். மெல்ல எழுதுகிறேன்.

புதன்கிழமைகளில் பரிசும் தருவார்கள். இன்று காபிக் கோப்பை. வரிசையில் எனக்கு மூன்று ஆள் முன்னால் நின்றான். வற்றிப்போய், கோட்டெல்லாம் தொளதொளவென்று. குரல் மட்டும் அதே குரல். பரிசு வாங்கியதற்குச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவன் சீட்டைக் கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு பின்னால் நின்ற கிழவியிடம் கேட்டான்: "நடுவுல எல்லாம் புகை மாதிரி இருக்கும்மா. எங்க போடணும்னு விரல் வச்சுக் காட்டேன்."

அவள் விரலை வைத்தாள். அவன் போட்டான். படிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

வீடுவரை பஸ்ஸில் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே வந்தேன். யாராவது வெண்ணெயில் வறுத்த இறால் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு ருசித்திருக்காது.

ஜனவரி 24

நானும் ஒரு தாள் எழுதுவேன், அவனே ஒப்புக்கொள்கிற மாதிரி. அவன் பின்னால் போய் நிற்பேன். "எங்க போடணும்?" என்பான். விரலை வைப்பேன்.

ஜனவரி 27

முதல் வாக்கியம் முடிந்தது: எசல் டார்வர் மெஷினுக்கு அடியில் கிடந்த கடிகாரத்தை என் கையில் கொடுத்தான்.

எட்டுத் தாள் கிழித்தேன்.

ஜனவரி 29

இரண்டாவது: அவன் திருடவில்லை.

சின்னதுதான். இதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

ஜனவரி 30, புதன்

அவன் வந்தான். தாள் முடியாததால் தூர நின்று பார்த்தேன். வலையில் மீன் சுற்றுவதைப் பார்ப்பது மாதிரி. சாப்பாட்டு மேஜையில் எதிரே இருந்தவனிடம், "இன்னிக்கு என்ன மீன்?" என்று கேட்டுக் கேட்டுத் தின்றான். கெளுத்திதான் அவனுக்கும் பிடிக்கும்போல. எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 3

மூன்றும் நான்கும்: அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்து வாங்கினேன்.

"கடிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன்" என்றும் ஒன்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். எடுத்தானா? எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

நல்ல தாளில் ஒரு பிசிறில்லாமல் பிரதி எடுத்தேன்.

பிப்ரவரி 6, புதன்

வரவில்லை. செத்துகித்துத் தொலைத்துவிட்டானா? நான் கையெழுத்து வாங்கும்வரை சாகக் கூடாது. தேவாலயத்தில் அவன் உடல்நலத்துக்காக வேண்டிக்கொள்ளப் போகிறேன்.

பிப்ரவரி 10

வேண்டிக்கொண்டேன். சத்தமாக, பெயர் சொல்லி. அக்கா திரும்பிப் பார்த்து, "யாருடா அது? உனக்கு இவ்ளோ நல்ல மனசு எப்ப வந்துச்சு?" என்றாள்.

பிப்ரவரி 13, புதன்

நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். அவசரமில்லை.

இன்று பரிசு கம்பளிப் போர்வை. வரிசை சாப்பாட்டுக் கூடத்தின் கதவுவரை நின்றது. ஸ்டிட் வந்தான். கர்த்தருக்கு நன்றி. ஓடிப்போய் அவன் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் நாலு பேர் தள்ளி க்ளோவிஸ்.

மேஜை வந்தது. அவன் சீட்டை வாங்கி, முகத்தைத் திருப்பாமலே கேட்டான்: "பின்னாடி யாருப்பா? எங்க போடணும்?"

சீட்டை வாங்கிக்கொண்டு என் தாளை வைத்தேன். விரலையும் வைத்தேன். பேனா முனை தாளைத் தொட்டது.

நான் என்ன நினைத்தேன்? நல்லதாக எதுவும் நினைக்கவில்லை. நான்கு வாக்கியம். மூன்று வாரம். இவன் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போர்வையை இடுக்கிக்கொண்டு போய்விடுவானே! தெரியாமல் போட்டால் அவனுக்கு எங்கே சுடும்?

"இருங்க" என்றேன். "படிக்காம போடாதீங்க."

"எனக்கு எங்கப்பா கண்ணு தெரியுது? போர்வைச் சீட்டுதானே?"

"நான் படிக்கிறேன்."

படித்தேன். என் வேகத்தில். ஒவ்வொரு வார்த்தைக்கும் விரல் வைத்து. பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஒரு போர்வைக்கு இவ்ளோ பெரிய கதையா?" என்றாள். நான் நிறுத்தவில்லை. நான்காவது வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன், வேண்டுமென்றேதான்.

ஸ்டிட் பேனாவைப் பிடித்தபடி நின்றான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்: "அந்த மாதிரித் தாள் பதினோரு பேருக்கு எழுதினேன். நீ அதுல எவன்?"

எவன்! பத்தொன்பது வருஷம் இவனைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இவனுக்கு என் பெயர் தாளில் கேட்டும் முகம் வரவில்லை.

"தரை கூட்டினவன். உங்கள ‘சார், சார்’னு கூப்பிட்டவன். கடிகாரத்தைக் கொண்டாந்து குடுத்தவன்" என்றேன்.

"நீ படிச்சதுதான் இதுல இருக்குன்னு நான் எப்படி நம்புறது?"

கேட்டானே அந்தக் கேள்வியை! சிரிப்பு வந்துவிட்டது. நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அப்போது ஒரு கை வந்து தாளை எடுத்தது. க்ளோவிஸ். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து உரக்கப் படித்தான். ‘அவன் திருடவில்லை’ என்ற இடத்தில் குரல் ஒரு தடவை இடறியது.

"இதான் இருக்கு" என்றான் ஸ்டிட்டிடம். "ஒரு எழுத்து கூடக் குறைய இல்ல."

ஸ்டிட் முகத்தை என் பக்கம் திருப்பினான். "கடிகாரம் எங்க போச்சுன்னு நீ எழுதலயே?"

"எனக்குத் தெரியாதத நான் எழுத மாட்டேன்."

"போட்டுத் தொலைங்கய்யா, போர்வை தீந்துடும்!" என்று வரிசை முழுக்கக் கத்தியது.

அவன் தடவித் தடவி என் விரலைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். எனக்காகப் போட்டானா, போர்வைக்காகவா? தெரியாது. எனக்குக் கவலையில்லை. கையெழுத்து கோணல். நான் வரைந்தது இதைவிட அழகு.

க்ளோவிஸ் வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

பிப்ரவரி 14

இரண்டு தாளையும் அக்கா முன்னால் வைத்தேன். பழையதை முதலில் படித்தாள். பிறகு புதியதை. "இத்தன வருஷம் இதையா டப்பாவுல பூட்டி வச்சிருந்த, முட்டாப் பயலே" என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது. புதிய தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள்.

பிப்ரவரி 20, புதன்

பஃபேயில் இன்று ஒரு தட்டுக்கு இன்னொன்று இலவசம். பொடி எழுத்தில் இருந்தது. தட்டோடு நான் நின்றபோது க்ளோவிஸ் காலால் பக்கத்து நாற்காலியை வெளியே தள்ளினான்.

"உக்காரு. அந்த இலவசத் தட்டு யாருக்கு?"

"உனக்குத்தான் கொண்டாந்தேன்."

"மீன் ஆறிப்போச்சு" என்றான். தின்றான். மன்னிப்பு அது இது என்று எதுவும் கேட்கவில்லை. வாங்கிய போர்வை அரிக்கிறது, அவன் மனைவி அதை நாய்க்குப் போட்டுவிட்டாள் என்று அரை மணி நேரம் சொன்னான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஸ்டிட் தட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் மேஜை ஓரமாகத் தயங்கி நின்றான். "யாருப்பா அங்க? கெளுத்தி இருக்கா?"

"தீந்துபோச்சு சார்" என்றேன்.

தீரவில்லை. தட்டு நிறைய இருந்தது.