நீ வாங்கிவந்த நீல டிரம்

அக்கா,

இன்று காலை தலையணை உறைகளைத் துவைக்கக் கழற்றினேன். நீ தைத்துக் கொடுத்த தலையணையின் ஓரம் பிரிந்து, உள்ளே அடைத்திருந்த வெள்ளை நுரைத்தாள் மாவாக உதிர்ந்து பாய் முழுவதும் கொட்டியது. ஏதோ ஒரு கம்பெனிக்கு வந்த கண்ணாடிச் சாமான்களைச் சுற்றிவந்த தாள் அது. கூட்டி முறத்தில் அள்ளினேன். வெளியே கொட்டும் முன் ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தேன். பழைய துணி வாசனை, கொஞ்சம் தலை எண்ணெய் வாசனை, அவ்வளவுதான். ஆனாலும் இத்தனை வருடம் இதில் தலை வைத்துப் படுத்தோமே, இந்த மாவு மூச்சோடு உள்ளே போயிருக்குமோ என்று நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததும் உன் ஞாபகமும் வந்துவிட்டது. இரண்டும் எனக்குச் சேர்ந்துதான் வரும்.

நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழவந்தவர்கள். அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான். பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய பிறகும் பின்பக்கத் தோட்டம் மட்டும் பொதுவாகவே இருந்தது. அங்கே குப்பைமேட்டை ஒட்டி நீ பூசணி போடுவாய், நான் கீரை விதைப்பேன். நான் பயந்த சுபாவம். உத்திரமேரூருக்குப் பஸ் ஏறிய பிறகு கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருக்கிறேன். நீயும் கூடவே இறங்குவாய். "அந்தப் பொண்ணு அப்டித்தாங்க, நீங்க போங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, வெயிலில் என்னோடு நடந்து வருவாய். ஒரு நாளும் அதற்காக என்னைக் கடிந்துகொண்டதில்லை.

உனக்கு இருந்த ஒரே பித்து பழைய சாமான்தான். வாலாஜாபாத்தைத் தாண்டிக் கம்பெனிகள் இருக்கிற ரோட்டில் வரிசையாக அந்தக் கடைகள். கம்பெனிக்குள் சரக்கு இறங்கிய பிறகு மிஞ்சுகிற மரச்சட்டம், அட்டைப்பெட்டி, நுரைத்தாள், கேன், டிரம் எல்லாம் அங்கே மலையாகக் குவிந்திருக்கும். மற்றப் பெண்கள் புடவைக் கடைக்குப் போகிற முகத்தோடு நீ அங்கே போவாய். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கிவிடுவாய். நான் ஆணி குத்திவிடும், பாம்பு இருக்கும் என்று ஓரமாக நின்று சொல்லிக்கொண்டே இருப்பேன். உன் வீட்டுக் கோழிக்கூடு அந்தச் சட்டத்தில் செய்தது. உன் சாமி மாடம்கூட அந்தப் பலகைதான். சீன எழுத்து அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பி, மஞ்சள் பூசி, வேலும் படமும் வைத்திருந்தாய்.

"புச்சா வாங்கறதுல இன்னாடி கீது? காசு இருந்தா யாரு வேணா வாங்கலாம். இத்த தேடிக் கண்டுபுடிக்கணும்" என்பாய். சொல்லும்போது உன் கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கும். உன் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். வீடு குப்பைக் கிடங்காகிவிட்டது என்பார். ஆனால் அந்தப் பலகைக் கட்டிலில்தான் அவர் மத்தியானம் காலை நீட்டித் தூங்குவார்.

உன் பெண் சுதாவின் வளைகாப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் இடம் போதாது என்று நம் வீட்டிலேயே வைத்தோம். நல்ல கோடை. விசேஷம் நெருங்கும்போது பார்த்து போர் மோட்டாரின் காயில் எரிந்துபோனது. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். பந்தல்காரரிடம் டிரம் வாடகைக்குக் கேட்கலாம் என்றேன்.

"வாடகை குடுத்துட்டு திருப்பிக் குடுக்கறதுக்கு நாமளே வாங்கிட்டா வூட்ல கெடக்கும் இல்ல?"

மறுநாளே குட்டியானை வண்டியில் இரண்டு நீல டிரம்களோடு வந்து இறங்கினாய். பழச்சாறு வந்த டிரம் என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாய். ஒன்றைத் திறந்தபோது உண்மையிலேயே மாம்பழ வாசனை அடித்தது. மற்றதன் மேல் ஒட்டியிருந்த தாளை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அதற்குள் தலையை விட்டதும் எனக்கு மூக்கின் உள்ளே சுருக்கென்றது. நகப்பூச்சு புட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி.

"அக்கா, இது பழம் இல்லக்கா."

"கழுவினா பூடும்டி."

புளி போட்டுத் தேய்த்தாய். சாம்பல் போட்டுத் தேய்த்தாய். கவிழ்த்து வெயிலில் காயவைத்தாய். பிறகு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாய். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் அடியில் எங்கோ அது இருந்தது. இருந்ததா, என் பயம்தான் அப்படி மோந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் நீயே ஒரு ஏற்பாடு சொன்னாய். மாம்பழ டிரம் சமையலுக்கு, இது கை கழுவவும் பாத்திரம் தேய்க்கவும். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகும் மனசு அடங்கவில்லை.

விசேஷத்தன்று காலையில் எனக்கு வேலையே ஓடவில்லை. பூ கட்டினால் டிரம்மைப் பார்ப்பேன், தட்டு அடுக்கினால் டிரம்மைப் பார்ப்பேன். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுதா பட்டுப்புடவையில் வயிற்றைப் பிடித்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது மாம்பழ டிரம் காலி. சமையல் மாஸ்டர் மற்ற டிரம்மில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்தத் தண்ணி வேணாம்."

"ரசத்துக்கும்மா. கொதிக்கத்தான போவுது."

"வேணாம் மாஸ்டர்."

"டைம் ஆவுதும்மா. வேற தண்ணிக்கு எங்க போறது?"

எனக்கும் தெரியாது. போய் அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். யாரோ சொல்லி நீ வந்தாய். உன் பின்னாலேயே சம்பந்தியம்மாளும் இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடி பேஜார் பண்ற? சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்துக்கினு கீறாங்க."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு சாப்புடற சாப்பாடுக்கா."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அவ்வளவு கோபத்தை உன் முகத்தில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எல்லார் முன்னாலும் உன்னுடைய பொருளை, உன்னுடைய கெட்டிக்காரத்தனத்தை நான் விஷம் என்று சொல்லி நிற்கிறேன். மாஸ்டர் கையிலிருந்த குடத்தை வாங்கித் தரையில் கவிழ்த்தாய். ஒரு தாம்பாளத்தை எடுத்து டிரம்மை மூடினாய். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சாலவாக்கத்துக்குப் போய்க் கேன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாய். சாப்பாடு தாமதமானது. சம்பந்தி வீட்டு ஆண்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பந்தியில் நீயே ரசம் பரிமாறினாய். என் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு நீ என்னோடு பேசவில்லை. சுவருக்கு மேலாக வந்துபோகும் குழம்புக் கிண்ணம் நின்றுவிட்டது. நீ பக்கத்து வீட்டில் துணி உதறுகிற சத்தம் கேட்கும், நான் இந்தப் பக்கம் அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பேன். தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருந்திருந்தால்? ஒரு பெண்ணின் வளைகாப்பை நான் வீணாகக் கெடுத்திருந்தால்? இந்தப் பயம் முந்தின பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் தோட்டத்திலிருந்து உன் குரல் கேட்டது.

"இங்க வாடி."

ஓடிவந்தேன். அந்த டிரம் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் நீ தினமும் மொண்டு பூசணிக்கு ஊற்றியிருக்கிறாய். ஒரு பக்கக் கொடி முழுக்க இலை ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்து கிடந்தன. வீட்டுக் கழுவுநீர் பாய்ந்த மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. நீ ஒரு காய்ந்த இலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வெய்யிலாக்கூட இருக்கும்" என்றாய்.

"ஆமாக்கா. இருக்கும்."

நீ இலையைக் கீழே போடவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"என் அடுப்பாங்கரையில கீதே, அந்த வெள்ளை கேனு. அதுவும் அந்தக் கடையிலதான் வாங்கனது."

அந்தக் கேனில்தான் நீ வருடக்கணக்காகக் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தாய். உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு என் கையில் கொடுத்தாய். மூடியைத் திறந்து மோந்தேன். வெறும் பிளாஸ்டிக், கொஞ்சம் பாசி. மறுபடியும் மோந்தேன்.

"எனக்கு ஒன்னும் தெரியலக்கா."

"நல்லதுன்னும் தெரியல, கெட்டதுன்னும் தெரியல. அப்டித்தான?"

"ஆமாக்கா."

அன்றைக்கே அந்த டிரம்மையும் கேனையும் கத்தியால் கிழித்துத் தூக்கிப் போட்டாய். சுதாவுக்குப் பெண் பிறந்தாள். நன்றாகவே பிறந்தாள். கிண்ணமும் சுவர் தாண்டி வரத் தொடங்கியது. அந்த நாளைப் பற்றி நாம் பேசவே இல்லை.

சில வருடம் கழித்து உன் கால் வீங்கியது. காஞ்சிபுரத்துப் பெரிய டாக்டர் கிட்னி என்றார். நான் அவரைத் தனியாகப் பிடித்து டிரம், கேன் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இவங்களுக்குச் சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கும்மா. கவனிக்காம விட்டிருக்காங்க. அதுதான் காரணம்" என்றார். வேறு எதுவும் காரணமாக இருக்காதா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லம்மா" என்றார். இருக்காது என்று அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். யாருக்கும் தெரியாமல் உத்திரமேரூர் லேபில் நானும் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். அன்று வீடு வந்து சேர்வதற்குள் அவள் வேறு யாருடைய ரிப்போர்ட்டையாவது பார்த்துச் சொல்லியிருப்பாளோ என்று தோன்றிவிட்டது.

டயாலிசிஸுக்கு உன்னை நான்தான் கூட்டிப்போவேன். அங்கேயும் உன் கண் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்துக்கு மருந்து வருகிற வெள்ளைக் கேன்கள் காலியானதும் மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருநாள் படுத்தபடியே அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாய். "உப்புத் தண்ணி மாதிரிதாம்மா. நிறையப் பேர் கழுவி எடுத்துட்டுப் போறாங்க" என்று அவள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டியான கேன், நல்ல கைப்பிடி. நீ அதைத் தட்டிப் பார்த்தாய். உன் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது.

பிறகு நீ அதை என் பக்கம் நீட்டினாய்.

"நீ மோந்து பாத்து சொல்லு. நீ சரின்னா எட்த்துக்கலாம்."

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாய். மூடியைத் திறந்து பார்த்தேன். லேசாகக் காடி வாசனை, புளித்த மாதிரி.

"வேணாம்க்கா."

"வேணாம்னா வேணாம்" என்று நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாய். கடைக்காரரிடமும் புருஷனிடமும் சம்பந்தியிடமும் ஒரு சொல் விட்டுக்கொடுக்காதவள், என் ஒரு சொல்லுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாய்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் அந்தப் பழைய வெள்ளைக் கேனைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். நான் என்ன கேட்கப் போகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது.

"அத்த நோண்டாதடி. தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? பொண்ணு நல்லா கீறா, பேத்தி நல்லா கீறா."

அந்த ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

நீ சொன்னபடி நோண்டாமல் இருக்க என்னால் முடியவில்லை, அக்கா. தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அது வருகிறது. இப்போது தெருப் பெண்கள் பழைய டின், செகண்ட் ஹேண்ட் மிக்ஸி ஜாடி எது வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். சிரித்துக்கொண்டேதான் கொண்டுவருகிறார்கள். நான் மோந்து பார்த்து, செடி வைக்கலாம், அரிசி கொட்டலாம், குடிக்க மட்டும் வேண்டாம் என்று சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். நீ கேட்டதைப் பார்த்துத்தான் அவர்களும் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் சுதா பெண்ணோடு வந்திருந்தாள். குழந்தை விளையாடிவிட்டு ஓடிவந்து தண்ணீர் கேட்டது. சொம்பில் கொடுத்தேன். வாயில் வைக்கும் முன் அவள் மூக்கை உள்ளே விட்டு மோந்தாள். யோசிக்கிறவள் மாதிரி கொஞ்சம் நின்றாள். பிறகு குடித்தாள்.

"இன்னா பழக்கம் இது?" என்று சுதா அதட்டினாள்.

"சின்னாயா இப்டித்தான் பண்ணுவாங்க" என்று என்னைக் காட்டியது குழந்தை.

என் பயம் அந்தச் சின்ன உடம்புக்குள்ளும் இறங்கிவிட்டதே என்று நினைத்தேன். அப்படிச் செய்யாதே கண்ணு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் சொம்பைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன். மறுபடியும் மோந்தாள். மோந்து முடிக்கும்வரை சொம்பை நான் பிடித்துக்கொண்டேன்.